அறுபதுக்கு மேல் மறுபடியும் சைக்கிள்: மின்சைக்கிள் வாங்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு 64 வயது, ஊர் கோயமுத்தூர். கல்லூரிக்கும் முதல் வேலைக்கும் சைக்கிளில்தான் போனேன். கல்யாணமானதும் மொபெட், அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் கார் என்று போய், ரிட்டயர் ஆன பிறகு, மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும் மின்சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். வாக்கிங் வருகிறவர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், சொந்தபந்தம் என்று ஆளுக்காள் வழியில் நிறுத்தி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

முப்பது வருஷமாகச் சைக்கிளைத் தொடவே இல்லை. இனிமேல் ஓட்ட வருமா?

ஓட்ட வரும். ஏறி இறங்குவதுதான் வராது.

நாம் எல்லாரும் எப்படி ஏறிப் பழகினோம்? இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு மூன்று தத்து தத்தி, வண்டி ஓட ஆரம்பித்ததும் கேரியருக்கு மேலே காலை வீசிப் போட்டு உட்காருவோம். கை கால் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. மின்சைக்கிள் வந்த முதல் நாள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நானும் அப்படித்தான் செய்தேன். இடது கால் பெடலில் அழுந்தியதும் பெடல் அரைச் சுற்று சுற்றியது, சென்சார் ‘ஐயா மிதிக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை எழுப்பிவிட்டது. வண்டி போய்விட்டது, நான் போகவில்லை. முழங்காலில் தோல் உரிந்ததைவிட, வாட்ச்மேன் ஓடி வந்து ‘பாத்துங்க ஐயா, பாத்துங்க ஐயா’ என்று தூக்கிவிட்டதுதான் வலித்தது.

இப்போது நான் ஏறும் விதம் இது. மோட்டாரை அணைத்து வைத்திருப்பேன் அல்லது பிரேக்கை இறுக்கிப் பிடித்திருப்பேன். வண்டியை என் பக்கம் கொஞ்சம் சாய்த்து, காலை உள்ளே விட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்பேன். வலது பெடலை மேலே தூக்கி, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் பிரேக்கை விடுவது. இறங்கும்போதும் முழுசாக நின்ற பிறகுதான் சீட்டை விட்டு வருவேன், ஓடும் வண்டியிலிருந்து காலைத் தூக்கிக் குதிக்கிற வேலையெல்லாம் கிடையாது. இதை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது தடவை செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கீழே நான் சொல்லும் தேர்வு எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. எந்த வண்டியில் சுலபமாக ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, விழாமல் இறங்க முடிகிறதோ அதை வாங்குங்கள். மோட்டார், திரை, ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்.

சாதா சைக்கிளே போதாதா? மோட்டார் எதற்கு?

வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், சமதளம், முழங்காலும் நல்லபடியாக இருக்கிறது என்றால் சாதா சைக்கிளே போதும், காசை மிச்சம் பண்ணுங்கள்.

எனக்குக் காற்றுதான் பிரச்சினை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். பேரூர் கோயிலுக்கு மேற்கே பார்த்துப் போகவேண்டும், காற்று முகத்திலேயே அறையும். சாதா சைக்கிளில் செல்வபுரம் வரைக்கும் போய், ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. மின்சைக்கிளில் மோட்டார் தள்ளுவதை ஒரு லெவல் கூட்டிவிட்டால் அதே காற்றில் அதே மிதியில் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும், மோட்டாரே வேண்டாம். அப்புறம் மூட்டு. முழங்காலுக்குக் கஷ்டம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் பாலம் ஏறும்போதும்தான், அந்த இரண்டையும் மோட்டார் வாங்கிக்கொள்கிறது.

லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டுமா?

மோட்டாரின் 30 நிமிட சக்தி (அரை மணி நேரம் விடாமல் தரக்கூடியது) 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே இல்லை. நம்பர் பிளேட், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஆனால் ‘500 வாட், மணிக்கு 40 கி.மீ. வேகம் போகும் சார், சைக்கிள்தான்’ என்று விற்கிறார்கள் பாருங்கள், அது சைக்கிள் கணக்கில் வராது. பெடல் இருக்கிறது என்பதற்காக அது சைக்கிள் ஆகிவிடாது. சிலர் வீட்டுப் பையனை விட்டு அந்த 25 கி.மீ. கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். நாளைக்கு யார் மேலாவது மோதினால் ஸ்டேஷனில் பதில் சொல்லப்போவது அந்தப் பையன் இல்லை.

எந்த மோட்டார் நல்லது? கடைக்காரர் என்னென்னமோ சொல்கிறார்.

நம் ஊரில் 25,000 ரூபாயிலிருந்து 50,000 வரைக்கும் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் இருக்கும், ஹப் மோட்டார் என்பார்கள். பெடல் அச்சிலேயே மோட்டார் இருக்கும் வண்டிகளும் உண்டு, மலை ஏறுவதற்கு அதுதான் சரி, விலை எங்கேயோ போய்விடும். நீங்கள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால் அதைப் பற்றி யோசியுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஹப் மோட்டாரே போதும்.

மோட்டாரைவிட நான் கேட்கச் சொல்வது சென்சாரைப் பற்றி. நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை, விழுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும், கேடன்ஸ் சென்சார். நீங்கள் மெதுவாகச் சுற்றினாலும் அழுத்திச் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான், சுற்றினால் தள்ளும். கிளம்பும்போது கொஞ்சம் தாமதித்துத் தள்ள ஆரம்பிக்கும், நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் ஓயும். நேர் ரோட்டில் இது சுகமாகவே இருக்கும். ஆனால் குறுகலான சந்தில் யூ-டர்ன் அடிக்கும்போது, ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு பாதி மிதித்திருப்பீர்கள், அப்போது பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளின மாதிரி ஒரு தள்ளு வரும். அங்கேதான் விழுவோம். இன்னொன்று டார்க் சென்சார், காலின் அழுத்தத்தை அளந்து அதற்கு ஏற்றபடி தள்ளும். ஓட்டினால் நமக்கே இருபது வயசு ஆன மாதிரி இருக்கும், அவ்வளவு இயல்பு. ஆனால் விலை கூட, நம் சந்தையில் குறைவு. அதிலும் சிக்னலில் நிற்கும்போது பெடல் மேல் காலை ஊன்றி ஓய்வெடுத்தீர்கள் என்றால் கிளம்பிவிடும்.

கேடன்ஸ் சென்சார் வண்டியே கிடைத்தாலும் பரவாயில்லை, நானும் அதுதான் ஓட்டுகிறேன். பிரேக் லிவரைத் தொட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்பதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றச் சொல்லி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக லேசாக அமுக்குங்கள், உடனே மோட்டார் சத்தம் நிற்கவேண்டும். திரும்பும்போதெல்லாம் நான் இரண்டு விரலை பிரேக்கில் வைத்துக்கொள்வேன், தள்ளு வந்தால் லேசாகத் தொட்டால் போதும்.

ஆக்சிலேட்டர் இருக்கிற வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், அசந்துபோன அன்றைக்கு உதவும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இரண்டு நொடி லேசாகத் திருகிக் கொடுத்தால் முழங்காலும் தப்பிக்கும். ஆனால் முழுக்க அதிலேயே போனால் ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம், சார்ஜும் சீக்கிரம் தீரும்.

ஆபத்து ஒன்று இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் வண்டியை அணைக்காமலேயே இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துச் சரிவில் தள்ளிக்கொண்டு போனார். தள்ளுகிற வேகத்தில் வலது கை பிடியைத் திருகிவிட்டது. வண்டி முன்னே பாய, அவர் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் பாய, நிறுத்தியிருந்த கார் கதவில் போய்தான் நின்றது. தள்ளிக்கொண்டு போகும்போது முதலில் அணைத்துவிட வேண்டும். திருகுகிற பிடிக்குப் பதில் கட்டைவிரலால் அமுக்கும் சின்ன நெம்புகோல் சில வண்டிகளில் உண்டு, கிடைத்தால் அதையே எடுங்கள்.

சுலபமாக ஏறி இறங்க நடுவில் உயரமான பார் இல்லாத வண்டிதான் வேண்டும் போலிருக்கிறது. லேடீஸ் சைக்கிளா ஓட்டுவது?

ஆமாம்.

சிரிப்பார்கள் என்கிறீர்களா? எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. கடையில் முதலில் பார்த்ததெல்லாம் மலைச் சைக்கிள் மாதிரி, உயரமான பார், பட்டையான டயர், பார்க்க ஜோராக இருந்தது. அதன் மேல் காலைப் போட இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதுவும் வேட்டியோடு முயற்சி செய்து பாருங்கள். நடு பார் தாழ்ந்து வளைந்திருக்கும் வண்டியில் காலை முன்பக்கமாகவே உள்ளே விட்டுவிடலாம், அவசரத்தில் டக்கென்று இரண்டு காலையும் ஊன்றிவிடலாம். புதுசாக விற்கும் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சைக்கிளாக ஆகிவிட்ட நெதர்லாந்தில் வயசான ஆண்களும் இந்த மாதிரி வண்டியில்தான் சர்வ சாதாரணமாகப் போகிறார்கள். வேட்டி கட்டுகிறவர்கள் செயின் கவரையும் பார்க்கவேண்டும், இப்போது வரும் பல வண்டிகளில் அது கிடையாது, தனியாகப் போடச் சொல்லுங்கள்.

எனக்குச் சேலைதான் பழக்கம். பெண்களுக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

கேட்டது புதுக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், அப்போது இருபது முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்றைக்கு அறுபதை ஒட்டி ஆகிறது. அவர்களுக்கு என் மாதிரி ஆள் சைக்கிளைப் பற்றிச் சொல்வதே அதிகம். மின்சைக்கிளில் புதுசாகச் சேர்வது இரண்டுதான். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கப் பக்கவாட்டு வலை பல மாடல்களில் வராது, உள்ளூர் கடையில் வைக்கவேண்டும். பின்சக்கர மோட்டாருக்குப் போகும் ஒயர் சக்கரத்து அச்சின் ஓரத்தில் வெளியே வரும், முந்தானை அதில் மாட்டாமல் செருகிக்கொள்ளுங்கள்.

எடை எவ்வளவு இருக்கும்? எங்கள் வீடு முதல் மாடி.

20 முதல் 25 கிலோ. நம் பழைய இருபத்தெட்டு இஞ்ச் கறுப்புச் சைக்கிளும் ஏறக்குறைய அதே எடைதான், அதை நாம் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறினோம். அது அப்போது. இப்போது தூக்காதீர்கள், முதுகு போய்விடும். கீழேயே நிறுத்தி, பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோகும் மாதிரி வண்டி வாங்குங்கள். பேட்டரி ஃப்ரேமுக்குள்ளேயே மூடியிருந்தால் வண்டியையே பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும்.

ஒரு சார்ஜில் 50 கி.மீ. போகும் என்கிறார்களே?

ஒல்லியான பையன், சமதளம், காற்றில்லை, முதல் லெவல் என்றால் போகலாம். நீங்களே கணக்குப் போடுங்கள். பேட்டரியில் வோல்ட் என்றும் ஆம்பியர்-அவர் என்றும் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர், அதுதான் பேட்டரியின் கொள்ளளவு. 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-அவர் என்றால் 275 வாட்-அவர். நன்றாக மிதித்து ஓட்டினால் கிலோமீட்டருக்கு எட்டிலிருந்து பத்து வாட்-அவர் செலவாகும், வெறும் ஆக்சிலேட்டரில் போனால் பதினைந்துக்கு மேலேயும் போகும். அதாவது மிதித்தால் முப்பது சொச்சம், மிதிக்காவிட்டால் பதினெட்டு. என் வண்டிக்கு இதே பேட்டரிதான், இரண்டாவது லெவலில் 28 கி.மீ. வருகிறது, ஆடி மாசத்தில் அதுவும் இல்லை.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஒரு யூனிட்டில் மூன்று தடவை சார்ஜ் போடலாம். பேட்டரி தேய்வதுதான் உண்மையான செலவு. 500 முதல் 800 முழுச் சார்ஜ் ஓடிய பிறகு மெதுவாகக் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும், மாற்றும்போது நல்ல தொகை கேட்பார்கள். அதனால் வாங்கும் அன்றைக்கே, இந்தப் பேட்டரி தனியாக என்ன விலை, நாலு வருஷம் கழித்தும் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போடக் கூடாது, பேட்டரி ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே போடுங்கள், 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட் என்று அதில் போட்டிருக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது, அதுவும் வெளியே போகும் வழியில் வைத்து, சார்ஜ் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஆறு மாசம் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். வண்டியை என்ன செய்வது?

இது நம் வயசுக்காரர்களின் நிஜமான பிரச்சினை. முழுக்கச் சார்ஜ் பண்ணி வைத்துவிட்டுப் போகிறார்கள், அல்லது ஒரு கோடு மிச்சம் இருக்கும்போது பூட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே தப்பு. காலியான பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் எழும்பவே எழும்பாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜ் வைத்து, வண்டியிலிருந்து கழற்றி, வெயில் படாத அறையில் வையுங்கள். சாவி கொடுத்துவிட்டுப் போகும் ஆளிடம், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லுங்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவரே இதையும் செய்துவிடுவார்.

பிரேக்?

டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டியையே எடுங்கள். விரல் மூட்டு வலிக்காரர்கள் ஒயர் இழுக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டு ஆயில் டிஸ்க்குக்குப் போகலாம், ஒரு விரலால் தொட்டாலே பிடிக்கும், ரிப்பேருக்கு மட்டும் விவரமான மெக்கானிக் வேண்டும். நாம் பழகிய பழைய கம்பி பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்தால்தான் வண்டி நிற்கும், அந்தப் பிடியை இதன் முன் பிரேக்கில் காட்டினால் தலைகுப்புறப் போகவேண்டியதுதான். நம் ஊரில் வழக்கமாக வலது கை முன் பிரேக், ஆனாலும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் ஓட்டலாமா?

தூறலில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் விடாதீர்கள். எங்கள் ஊர் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும் அன்றைக்கு நான் சுற்றிக்கொண்டுதான் போவேன், ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவில்தான் இருக்கிறது, முழங்கால் தண்ணீர் என்றால் அது முங்கிவிடும். பிரஷர் வைத்துக் கழுவவும் கூடாது, ஈரத்துணி போதும்.

பஞ்சர் ஆனால் பஞ்சர் கடையில் தொடமாட்டேன் என்கிறார்களாமே?

மோட்டாரைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள், பின்சக்கரத்தைக் கழற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டு. கழற்றவே வேண்டாம். நம் ஊர் பஞ்சர்க்காரர்கள் காலங்காலமாகச் சக்கரத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப்போடுகிறவர்கள்தானே, ‘அதே மாதிரி போடுங்கண்ணா’ என்றால் முடிந்தது. டியூபையே மாற்றவேண்டிய அன்றைக்குத்தான் சக்கரத்தை எடுக்கவேண்டும், அதற்கு மோட்டார் ஒயரின் இணைப்பை முதலில் பிரிக்கவேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வாங்கும் அன்றைக்கே காட்டச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை வாராவாரம் பாருங்கள், காற்றுக் குறைவாலும் பஞ்சர் வரும்.

பிரஷர், சுகர், கண்ணாடி எல்லாம் இருக்கிறது. ஓட்டலாமா?

உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்றவைக்கும், மாத்திரை போட்ட கையோடு கிளம்பாதீர்கள். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் சட்டைப் பையில் இனிப்பாக ஏதாவது வைத்துக்கொள்ளவேண்டும், பாதம் மரத்துப்போனவர்கள் பெடலில் கால் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் இல்லாமல் நான் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

கண்ணாடி விஷயத்தை யாரும் சொல்லமாட்டார்கள். தூரமும் படிப்பும் ஒரே கண்ணாடியில் இருந்தால், கீழ்ப்பாதி படிப்பதற்கானது. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் நான் தூக்கிப் போடப்பட்டது இதனால்தான். இப்போது சைக்கிளுக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

பழைய சைக்கிளை ஓவராயில் பண்ணி மோட்டார் கிட் மாட்டலாமா?

கோயமுத்தூரில் இதைச் செய்யாத பட்டறை இல்லை, கையில் வேலை தெரிந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த ஃப்ரேமும் கம்பி பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்தவை இல்லை, அப்பா வாங்கித்தந்த சைக்கிள் என்ற பாசம் இருந்தால் அதை அப்படியே துடைத்து வையுங்கள். நிற்கவே சமநிலை இல்லை என்கிறவர்களுக்கு மூன்று சக்கர வண்டி உண்டு. திரும்பும்போது சாயாது என்பதால் வேகமாக வளைத்தால் கவிழும், இடமும் அடைக்கும்.

ஆன்லைனில் விலை குறைகிறதே?

குறையும். பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும், ஹேண்டில்பார், பெடல், பிரேக் எல்லாம் நீங்கள்தான் முறுக்கவேண்டும். நான் முதலில் அப்படித்தான் ஒன்று தருவித்தேன், திரை எரியவில்லை, ‘ஆள் வருவார்’ என்று ஐந்து வாரம் சொன்னார்கள், கடைசியில் திருப்பி அனுப்பினேன். ஹீரோ லெக்ட்ரோவோ இமோட்டராடோ, எந்தக் கம்பெனி வண்டியானாலும், உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோகிற தூரத்தில் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

நீங்கள் வைத்திருப்பது என்ன மாடல்? அதையே வாங்கிவிடுகிறேன்.

வேண்டாம். நான் ஐந்தடி நாலு அங்குலம், உங்கள் கால் நீளம் வேறு. ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் பார்த்தால் நிறுத்துங்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கத் தருகிறேன். சீட்டை இறக்கித் தருவது மட்டும் நான்தான், மோட்டாரை அணைத்துத்தான் தருவேன்.